சில்லுச் சுவர்

சாப்பாட்டு டப்பாவைக் கழுவி மேசைமேல் கவிழ்த்துவிட்டு, சீல் அக்கா பழைய கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். கோப்பு சும்மா வேஷத்துக்கு. கையில் கோப்போடு நடப்பவரை எந்த அலுவலகத்திலும் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் அவள் கற்றுக்கொண்ட உருப்படியான பாடம் அது ஒன்றுதான். வரவேற்பு மேசையைக் கடக்கும்போது அங்கிருந்த பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமலே கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான் பேச்சு. இனி அக்காவை யார் கேட்டாலும், "மீட்டிங்ல இருக்காங்க" என்று பதில் வரும்.

அது ஒரு காப்பீட்டுக் கம்பெனி. இழப்பீடு கேட்டு வரும் தாள்கள் அவள் மேசையிலிருக்கும் வட்ட முத்திரை விழாமல் ஓர் அங்குலம் நகராது. அதனால் அவள் சீல் அக்கா. வரவேற்பில் உட்காரும் பெண்ணுக்குப் பெயர் ஹலோ. நாளெல்லாம் அவள் வாயில் வருவது அதுதானே, அதையே வைத்துவிட்டார்கள். வயதில் இருபது வருட இடைவெளி இருந்தும் இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள்.

அந்த வருஷத்து வெயிலைச் சொல்லி மாளாது. காலை ஒன்பது மணிக்கே தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுத்தது. அலுவலகத்துக் குளிர்சாதனமோ மாடு அசைபோடுவதுபோல் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் சாப்பாட்டு மேசையில் ஒரு சபை கூடும். வெயிலைத் தாங்க அந்த வாரம் யார் எதைக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் விஷயம். காசாளர் ஈரத்துண்டைச் சுருட்டி ஐஸ் பெட்டியில் வைத்து, விறைத்ததும் பிடரியில் போட்டுக்கொள்வார். தட்டச்சுக்காரர் எந்தப் பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வழிநெடுக நிழல் என்று துப்புத் துலக்கி வைத்திருந்தார். மேலாளர் கழுத்தில் மாட்டும் குட்டி விசிறி ஒன்றை வாங்கிவந்து, வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டே, "நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும்" என்பார், ஏதோ தானே உண்டாக்கிய பழமொழி மாதிரி. சீல் அக்காவின் முறை வரும்போது, வெள்ளரிக்காயை வெட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டால் குளுகுளுவென்று இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துவிடுவாள். கள்ளி. அவளுடைய கண்டுபிடிப்பின் முன்னால் இவை எல்லாம் கால்தூசு பெறாது.

கட்டடத்தின் அடித்தளத்தில் பழைய கோப்புகளைப் போட்டு வைக்கும் அறை இருந்தது. கடைசி அலமாரிக்குப் பின்னால், ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடுக்கில், ஒரு சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பழ வியாபாரிகளின் குளிர்க்கிடங்கு. கோடை ஆரம்பத்தில் ஏதோ கோப்பைத் தேடப் போனவள் தற்செயலாக அதில் கை வைத்து, சுட்டதுபோல் எடுத்து, மறுபடி வைத்தாள். சில்லென்று இருந்தது. அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் இருபது நிமிஷம் அங்கே ஒரு முக்காலியைப் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வாள். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகக் குளிர்ந்துகொண்டே போகும். ஹலோவிடம் மட்டும்தான் சொன்னாள். அவளும் காதும் காதும் வைத்தாற்போல் வைத்துக்கொண்டு, அதற்குச் சில்லுச் சுவர் என்று பெயரும் வைத்தாள்.

அந்த இடத்தில் இன்னொரு சுகமும் இருந்தது. அங்கே செல்போன் எடுக்காது.

அந்தச் சுகம்தான் அவளை உறுத்தவும் செய்தது. அம்மா போனபிறகு அப்பா அவளோடு வந்துவிட்டார். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். இத்தனை காலம் ஊர்ச்சனத்தோடு பேசிப் பேசியே வாழ்ந்த மனுஷன். கணவன் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் பாதி தண்ணீரில். வீடோ மொட்டைமாடிக்கு நேர் கீழே. மதியத்தில் ரொட்டி சுடலாம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம், வெயிலில் தலைகாட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளும் கதவைச் சாத்தி, திரைச்சீலையை நனைத்து, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியைப் போட்டுவிட்டு, இந்த இடத்தை விட்டு நகரக்கூடாது என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் வருவாள். அவர் நகராமல் இருந்தபடி அவளைப் போனில் கூப்பிடுவார். துண்டு எங்கேம்மா. விசிறி ஒரு மாதிரி சத்தம் போடுதும்மா. பாலை உள்ளே வச்சேனான்னு ஞாபகம் இல்லை. எதுவும் இல்லாதபோது, "ஒண்ணுமில்லே, சும்மாதான்." அந்தச் சும்மாதான் அவளை மிகவும் வதைத்தது. கையில் முத்திரை, எதிரே வரிசை, காதில் அப்பாவின் மூச்சு. அவளுக்கு அப்பா என்றால் உயிர். அந்த உயிர் மணிக்கொரு தரம் கூப்பிட்டால் என்ன செய்வாள் பாவம். சுவரில் சாய்ந்திருக்கும்போதெல்லாம், இந்நேரம் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற எண்ணம் ஒரு கொசு மாதிரி வந்து காதோரம் பாடும். கையால் விரட்டிவிட்டு இன்னும் அழுந்தச் சாய்ந்துகொள்வாள்.

அன்றைக்கு அவள் தூங்கிப்போனாள்.

விழித்தபோது கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாமல் கோப்பைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் சிக்னல் கிடைத்ததும் செல்போன் உள்ளங்கையில் துடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. அப்பா. அப்பா. மறுபடி அப்பா. பிறகு எதிர்வீட்டு டெய்லர் அம்மா, விடாமல். அப்பாவைக் கூப்பிட்டாள், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டெய்லர் அம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மாள் தைத்த ரவிக்கையைக் கொடுக்க வந்திருக்கிறாள். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறதாம், விசிறி சுற்றுகிறதாம், உள்ளே ஆள் இல்லையாம். மாடி, மாடிப்படி, கீழே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எல்லாம் பார்த்துவிட்டாளாம்.

வரவேற்பு மேசைக்கு அவள் வந்து சேர்ந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஹலோ எழுந்து நின்றாள்.

"அக்கா, ஒரு பெரியவர் உங்களைக் கேட்டாரு. வழக்கம்போல மீட்டிங்னு சொல்லிட்டேன்."

"யாருன்னு சொன்னாரா?"

"இல்லேக்கா. அவசரமா, கூப்பிடட்டுமான்னு கூடக் கேட்டேன். வேண்டாம்மா, டூட்டில இருக்கட்டும்னு வச்சிட்டாரு."

டூட்டி. அந்த வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்குச் செல்போன் வேறு, அலுவலகத்துப் போன் வேறு. செல்போன் மகளுடையது, எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். அலுவலகத்துப் போன் டூட்டி. ஓடுகிற வண்டியில் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது அவர் வேதம். அவள் பிறந்த அன்று அம்மா வலியில் கிடந்தபோதுகூட டிப்போவுக்குப் போன் போடக் கூடாது என்று வீட்டாரைத் தடுத்து வைத்திருந்த மனுஷன். அப்படிப்பட்டவர் டூட்டிப் போனுக்கு அடித்திருக்கிறார் என்றால்.

ஹலோ மேசைப் போனில் வந்த எண்ணைக் காட்டினாள். வீட்டு எண் இல்லை, தெரிந்தவர் யாருடையதும் இல்லை. திருப்பி அடித்தால் ஓயாமல் பேச்சிலேயே இருந்தது. "நீங்க கிளம்புங்கக்கா, நான் விடாம அடிச்சுப் பாக்கறேன்," என்றாள் ஹலோ. அவள் கண் கலங்கியிருந்தது. தான் சொன்ன ஒரு பொய் எங்கே போய் நிற்கிறதோ என்ற பயம் அவளுக்கு. சீல் அக்காவுக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. சொல்லச் சொன்னது யார்?

மேலாளரிடம் சொல்லிக்கொள்ளவும் தோன்றாமல் இறங்கி, கையில் அகப்பட்ட டாக்ஸியில் ஏறினாள். வண்டிக்குள் அடுப்பு மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். நடைபாதையில் யார் குனிந்து நடந்தாலும் அப்பாவாகத் தெரிந்தது. ஒரு பேருந்து நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தூணைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள், அவர் யாரோ. இனி அந்தச் சுவர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன், அவர் சும்மாதான் என்று நூறு தடவை கூப்பிட்டாலும் நூறு தடவையும் எடுப்பேன் என்று யாரிடம் என்றில்லாமல் வேண்டிக்கொண்டே வந்தாள். வேண்டும்போதே, அங்கே தூங்கிக் கிடந்த சுகம் முதுகில் இன்னும் மிச்சம் இருந்தது. அதற்காகத் தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்குப் போகும் திருப்பத்தில் ஹலோ கூப்பிட்டாள். "அக்கா, கிடைச்சிருச்சு. அது ஒரு சோபா கடை. உங்க தெரு முனையைத் தாண்டி, சிக்னல்கிட்ட. அப்பா அங்கதான் இருக்காராம்."

அந்தக் கடையை அவளுக்குத் தெரியும். தினமும் பேருந்திலிருந்து பார்க்கிற கண்ணாடிக் கடை, உள்ளே போனதில்லை. கதவைத் தள்ளியதும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. வரிசை வரிசையாகச் சோபாக்கள், கட்டில்கள், கண்ணாடி பதித்த அலமாரிகள். கடைசியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத நீளச் சோபா ஒன்றில் அப்பா உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஈரத்துணி. பக்கத்தில் முட்டிபோட்டு ஒரு விற்பனைப் பெண். அவருக்கு உயிர் இருக்கிறது என்று பார்த்ததும் சீல் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"வந்துட்டியா," என்றார் அப்பா. பேச்சு கொஞ்சம் குழைந்திருந்தது. "மீட்டிங் முடிஞ்சிருச்சா?"

கோபம் இருந்த இடம் தெரியவில்லை. "முடிஞ்சிருச்சுப்பா," என்றாள்.

விற்பனைப் பெண் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். தாத்தா கோடை தொடங்கியதிலிருந்து தினமும் மதியம் இங்கேதான் வருவாராம். எம் பொண்ணு சோபா வாங்கப் போறா, வேலை அதிகம், நேரம் கிடைச்சதும் வந்து பாப்பா, அதுவரைக்கும் நான் உக்காந்து பாக்கறேன் என்பாராம். ஒரு நாள் தோல் சோபா, ஒரு நாள் துணி சோபா. உட்கார்ந்தபடியே மகளுக்குப் போன் போட்டுத் துண்டு எங்கே, பால் எங்கே என்று கேட்பாராம். இவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். இன்றைக்கு வரும்போதே தள்ளாடிக்கொண்டு வந்தாராம். அவருடைய செல்போன் பாதியில் செத்துப்போக, கடைப் போனில் அலுவலகத்துக்கு அடித்தார்களாம்.

"மீட்டிங்னு சொன்னதும் அவரே வச்சிட்டாருக்கா. இன்னொரு தடவை கூப்பிடலாம் தாத்தான்னேன், கேக்கலே. அப்புறம் தண்ணி குடுத்தேன். கிளாஸைப் பிடிக்க முடியலே அவரால. நான்தான் புகட்டினேன். ஆம்புலன்ஸுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துட்டோம், லைனே கிடைக்கலே."

அப்பா விற்பனைப் பெண்ணுக்குக் கேட்காத குரலில், "சோபா வேண்டாம்னு மட்டும் பட்டுனு சொல்லிடாதே," என்றார். "நல்ல புள்ளைங்க. நாளைக்கும் வரணும் இல்லே."

வெளியே டாக்ஸி நின்றுகொண்டிருக்கிறது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள் அவள். ஆஸ்பத்திரி எல்லாம் எதுக்கு, வெயில்தானே என்றார் அவர். அவள், அவரைத் தாங்கி நடத்திப்போக ஓட்டுநரையும் கூட்டி வரும்படி விற்பனைப் பெண்ணை அனுப்பினாள். அப்பாவின் செருப்பு ஒன்று சோபாவுக்கு முன்னால் தள்ளிக் கிடந்தது. அதை எடுக்க அவருக்கு முதுகு காட்டிக் குனிந்தாள்.

"என்னம்மா இது, முதுகெல்லாம் சுண்ணாம்பு," என்றார் அப்பா. "எங்கே சாஞ்சே?"

அவள் நிமிர்ந்தாள். எதிரே அலமாரிக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். அவருடைய இடது கை அவள் முதுகை நோக்கிப் பாதிதூரம் எழும்பி, அங்கேயே நின்று, மடியில் விழுந்தது. அதை அவர் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வலது கையை நீட்டி மெல்லத் தட்ட ஆரம்பித்தார். வெள்ளைத் தூள் சோபாவின் பிளாஸ்டிக் உறைமேல் உதிர்ந்தது. வாசலில் ஓட்டுநர் வேகமாக வந்துகொண்டிருந்தார். அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி, திரும்பாமல் நின்றாள்.

"இரு, அசையாதே," என்றார் அப்பா. "இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டிருக்கு."