வர வில்லை

துணை இயக்குநர் நாடாளுமன்றக் குழுவின் முன் “எங்கள் கவனத்துக்கு வரவில்லை” என்று மூன்று முறை சொல்லிவிட்டு வந்த மறுநாள் காலை, அந்தக் கடிதம் வேகவைத்த முட்டைக்குள்ளிருந்து வந்தது. அவர் மனைவி ஓட்டை உரித்து முட்டையை இரண்டாக வெட்டியபோது, மஞ்சள் கரு இருக்க வேண்டிய இடத்தில் நாலாக மடித்த கோடு போட்ட தாள் ஒன்று இருந்தது. ஈரம் இல்லை, கசங்கல் இல்லை. மேலே சுகாதாரத் துறையின் ஊதா முத்திரை, பக்கத்தில் பச்சை மையில் அவருடைய சுருக்கொப்பம். “உங்களுக்குத்தான் வந்திருக்கு” என்று அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அவள் இன்னொரு முட்டையை உரித்தாள். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். விடைத்தாள்களில் இதைவிட விநோதங்களைப் பார்த்தாயிற்று.

அலுவலகத்தில் அவருக்கு ‘ஆகட்டும்’ என்று பெயர். யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் ஆகட்டும் என்பார். ஆனதா இல்லையா என்று பார்க்கிற வழக்கம் மட்டும் கிடையாது. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. விவகாரம் இதுதான்: ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் வார்டில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியின் முள் ‘நிறைவு’ என்ற இடத்திலேயே சிக்கிக்கொண்டது. சிலிண்டர் காலியான பிறகும் அது நிறைவு என்றே காட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள். முள் சிக்கியதை முன்கூட்டியே மூன்று தடவை எழுதி அனுப்பினேன் என்றார் அந்த வார்டின் தலைமை நர்ஸ். அப்படி எதுவும் வரவில்லை என்றது துறை. துறையின் சாட்சியம் அப்படியே நின்றால், கண்ணால் பார்த்தும் வாயைத் திறக்காதவர் என்று நர்ஸின் தலையில் பழி விழும். வேலையும் போகும், வழக்கும் வரும். விசாரணையன்று அவர் கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணை இயக்குநர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாம் நாள், இரண்டாவது கடிதம் குடையை விரித்தபோது விழுந்தது. மூன்றாவது, காலுறைக்குள் இருந்தது. அதன்பிறகு தினமும் அதே மூன்று. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்தார். முடிவெட்டுகிறவர், “காதுக்குப் பின்னாடி இருந்துச்சு சார்” என்று நீட்டினார். கிழித்துப் போட்டால் அடுத்த வேளை ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தார். குழாயைத் திறந்தபோது மெல்லிசாகச் சுருண்டு, காய்ந்து, வெளியே வந்தது. தபால் பிரிவுக் குமாஸ்தா இவற்றையெல்லாம் பதிவேட்டில் ஏற்றட்டுமா என்று கேட்டார். பழக்கதோஷத்தில் இவர் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைப் பொத்திக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை. எதைத் திறக்கவும் பயம்: கதவை, டப்பாவை, கொட்டாவி விட வாயைக்கூட. கடிதங்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவைத்தாரே தவிர, ஒன்றையும் பிரித்துப் படிக்கவில்லை. மனைவிதான் நர்ஸ் எழுதிய அந்த மூன்றையும் படித்தாள்.

ஆறாம் நாள், அவர் சொன்ன சாட்சியத்தைத் தட்டச்சு செய்து குழுவின் செயலகம் அனுப்பிவைத்தது. எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி, கையெழுத்துப் போட்டு, நான்கு நாளில் திருப்பித் தர வேண்டும். அதன்பிறகு அறிக்கை அச்சுக்குப் போய்விடும். கவர் வந்து சேர்ந்த சூட்டோடு இயக்குநர் போன் செய்தார். “எழுத்துப்பிழை இருந்தா மட்டும் திருத்துங்க. கருத்துப்பிழை பார்க்கிறது நம்ம வேலை இல்ல” என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்த மனைவி, நாற்பது பக்கத்திலும் ஒரே ஒரு பிழைதான் இருக்கிறது, ஆனால் அது மூன்று இடத்தில் இருக்கிறது என்றாள். தட்டச்சு செய்தவர் ‘வரவில்லை’ என்பதை ‘வர வில்லை’ என்று பிரித்து அடித்திருந்தார். இப்படிப் பிரித்தால் வில்லை தனியாக நின்றுவிடும், வில்லை என்றால் மாத்திரை என்று வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னாள். பிறகு பேனாவால் அந்த இடைவெளியைத் தட்டினாள். “இந்தச் சந்து வழியாத்தான் வருது போலிருக்கு.”

அவர் பென்சிலை எடுத்து முதல் இடத்தில் இரண்டு சொல்லையும் ஒரு வளைகோட்டால் சேர்த்தார். மறுநாள் இரண்டு கடிதங்கள்தான் வந்தன. இரண்டாவது இடத்தையும் சேர்த்தார். அடுத்த நாள் ஒன்றுதான் வந்தது. அன்று வயிறாரச் சாப்பிட்டார். மூன்றாவது சந்தையும் அடைத்துவிட்டால் தீர்ந்தது. விதிப்படி செய்கிற திருத்தம்தான், இலக்கணமும் ஒத்துக்கொள்கிறது, யார் என்ன சொல்லிவிட முடியும்? கெடுவுக்கு முந்தின நாள் காலை அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தபோது மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“இந்தக் கடுதாசி ஆபீசுக்கு வந்தப்பவே நீங்க படிச்சீங்களா?”

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார்.

“அந்தம்மாவுக்கு வேலை போயிடும்ங்க.”

“எனக்குப் போகாதா?”

“போகும்” என்றாள் அவள். அழிரப்பரை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிப் போனாள். பென்சில் பாதியாகும் வரைக்கும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தாள்களைத் தபாலில் அனுப்பாமல் அவரே எடுத்துக்கொண்டு போனார். குழு கூடியிருந்தது. கடைசி வரிசையில் அதே கைப்பையோடு நர்ஸ் இருந்தார். செயலர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தார். பென்சில் கோடுகள் அழிக்கப்பட்டிருந்தன. மூன்று இடத்திலும் ‘வர வில்லை’யை அடித்துவிட்டுப் பச்சை மையில் ‘வந்தது’ என்று எழுதியிருந்தது. எழுத்துப்பிழையை மட்டும்தான் திருத்தலாம் என்று செயலர் விதியைப் படிக்க ஆரம்பித்தார். குழுத் தலைவர், தலை நரைத்த அம்மாள், கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வந்த கடிதத்தை என்ன செய்தீர்கள் என்று துணை இயக்குநரைக் கேட்டார்.

“நாலு வரி படிச்சேம்மா” என்றார் அவர். “அப்போ டீ வந்துச்சு.”

உறுப்பினர்கள் பதினொரு பேர். ஒவ்வொருவர் முன்னாலும் டீ இருந்தது. தூக்கிய கோப்பையை ஒருவர் அப்படியே கீழே வைத்தார்.

“முள்ளைப் பத்தி அஞ்சாவது வரியிலதாங்க எழுதியிருந்தேன்” என்றார் நர்ஸ், கடைசி வரிசையிலிருந்து. அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று துணை இயக்குநருக்குப் பட்டது. துணை இயக்குநர் தன் பையில் கொண்டுவந்திருந்த கடிதத்தை எடுத்து, பிரித்து, நின்ற இடத்திலேயே ஐந்தாவது வரியைப் படித்தார். அங்கேயே, எல்லோர் முன்னாலும், அவருக்கு அழுகை வந்தது.

நர்ஸ் மூன்றாம் வார்டுக்கே திரும்பினார். கருவியை மாற்றினார்கள். இயக்குநரைத் தூக்கி வேறு துறைக்குப் போட்டார்கள். ‘ஆகட்டும்’ துணை இயக்குநர் பதவி பறிபோய், தபால் பிரிவில் ஊதா முத்திரை குத்துகிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். இப்போது யாராவது எதையாவது நீட்டினால் “இருங்க, படிச்சிடறேன்” என்கிறார். செத்த மூன்று பேரும் செத்தவர்கள்தான். எந்தத் திருத்தமும் அதை மாற்றவில்லை.

நர்ஸின் கடிதங்கள் நின்றுபோயின. ஆனால் முட்டை நிற்கவில்லை. ஐந்து வருடமாகத் தினமும் ஒன்றாவது வருகிறது. எங்கோ ஒரு பாலத்தில் விரிசல், ஒரு பள்ளிக்கூடத்துக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டியில் நாற்றம். எந்தெந்தத் துறைக்கோ, யார் யாரோ எழுதியவை. எவர் கவனத்துக்கோ வராமல் போனவை. “வந்திருக்கு” என்று மனைவி குரல் கொடுப்பாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, கடைசி வரிவரைக்கும் படித்து, உரிய இடத்தின் முகவரியை எழுதுவார். அதுவரைக்கும் டீ அடுப்பிலேயே இருக்கும்.