சவுக்குப் பூவும் குதிரைவாலும்

பள்ளித் தாவரவியல் புத்தகத்துக்கு நான் வரையும் குதிரைவால் செடிப் படத்தின் கீழே என் பெயர் அச்சாகும் என்று பதிப்பாசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். இத்தனை வருடமாகச் சோப்பு உறைக்கும் மருந்துப் பெட்டிக்கும் பெயரில்லாமல் படம் போட்டவளுக்கு இது லேசுப்பட்ட விஷயமா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாதிரிக்கு வந்த தண்டைக் கண்ணாடித் தம்ளரில் வைத்து, கணுக் கணுவாக வரைந்தேன். முடிக்கப்போகிற நேரத்தில், கணுவின் ஓரமாகச் சிவப்பில் குட்டிக் குஞ்சம் ஒன்று கண்ணில் பட்டது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். பூ! அவ்வளவு அழகு. மெய்மறந்து அதையும் வரைந்து, வண்ணமும் கொடுத்த பிறகுதான் உறைத்தது. குதிரைவால் பெரணி மாதிரி வித்துத்தூள் விடுகிற செடி, பூக்கவே பூக்காதே.

"ஏங்க, இந்தத் தம்ளரைத் தொட்டீங்களா?"

என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். "வந்த அன்னிக்கே அது வாடிப்போச்சும்மா. நீ பதறுவியேன்னு பஸ் ஸ்டாப் சவுக்கு மரத்துல ஒரு கொத்து ஒடிச்சு வச்சேன். அச்சு அசல் அதே மாதிரி இல்ல?"

"நல்லா செஞ்சீங்க போங்க!"

நல்லவேளை, பழையதை ஜன்னலில் போட்டு வைத்திருந்தார். பிளேடால் இரண்டையும் குறுக்கே வெட்டினேன். குதிரைவால் உள்ளே வெறும் குழாய், சவுக்கு கெட்டி. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் அதே கணு, கணுவைச் சுற்றி அதே பொடிப் பற்கள். மனிதரைக் குறை சொல்ல நியாயமே இல்லை. ஆனாலும் சொன்னேன்.

பதிப்பாசிரியைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "பூவை மட்டும் அழிச்சிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே மேடம். குதிரைவாலையும் வரைஞ்சு தரேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா பிள்ளைங்களுக்கு வித்தியாசம் புரியும்."

பக்கத்தில் இருக்கும் இடத்தைக் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னார். "போடலாம். ஆனா ரெண்டுக்கும் விளக்கம் எழுதணும். உங்க பேருக்கு வச்ச வரியை எடுத்தாத்தான் இடம் இருக்கு."

அந்த ஒரு வரிக்காகத்தானே கண் வலிக்க உட்கார்ந்திருந்தேன்? "எடுத்துடுங்க" என்றேன்.

பக்கத்தில் நின்று கேட்ட வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "என்னால உன் பேர் போச்சு. பேசாம பூவை அழிச்சிருக்கலாம்ல?"

"அழிச்சுட்டு, அந்தப் பொய்க்குக் கீழ என் பேரைப் போடச் சொல்றீங்களா? வாடின தண்டை இப்படி வெளிச்சத்துல பிடிங்க. கை ஆடக் கூடாது."

பிடித்தார். புதுத் தாளில் முதல் கணுவிலிருந்து வரைய ஆரம்பித்தேன்.