கையுறைப் பெட்டி

"போன் வெளிய லாக்கர்ல இருந்துச்சு சித்தி. உள்ள கொண்டுபோகக் கூடாது. அதான் கேக்கல."

உருளைக்கிழங்குத் தட்டை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டே டெனீஸ் சொன்னாள். காலையிலிருந்து எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ, இப்போது வாய் தானாகவே சொன்னது. மாதா கோவில் படிகளில் சொன்னாள், கல்லறையில் சொன்னாள், இதோ சமையலறையிலும் ஆயிற்று. சித்தி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீ என்ன பண்ணுவ பாவம். உன் வேலை அப்படி."

டொலீடோ நகரத்தில் சாவுச் சாப்பாட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. வந்தால் அடுத்த ஈஸ்டர் வரைக்கும் பேர் நாறும். கோவிலின் கீழ்க்கூடத்தில் மேசைகள் கொள்ளாமல் பாத்திரங்கள் இருந்தன: பன்றிக்கறி, கீல்பாசாத் தொத்திறைச்சி, புளித்த முட்டைக்கோஸ், மூன்று வீட்டிலிருந்து வந்த பியரோகிக் கொழுக்கட்டை. யூஜீன் வஹோவியாக் உயிரோடு இருந்திருந்தால் வரிசையில் முதல் ஆள் அவர்தான். அவர் பெட்டிக்குள் போய்விட்டதால் மற்றவர்கள் அவருக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்கள்.

யூஜீன் கண்ணாடி ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். மகள் டெனீஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சூரிய மின்கலம் செய்யக் கற்றுக்கொடுப்பவள். அரிய உலோகம் எதுவும் வேண்டாம். செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் என்று பூமியில் கொட்டிக் கிடக்கிற சரக்கைக் கரைத்து, கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூச வேண்டும். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் அவளிடம் பயிற்சிக்கு வந்தார்கள். "என் பொண்ணு என் கண்ணாடிக்கே வேலை வாங்கிக் குடுத்துட்டா"ன்னு யூஜீன் முடிவெட்டுகிற கடையில்கூடப் பெருமையடிப்பார்.

பூசுகிற வேலை காற்றுப் படாமல் நடக்க வேண்டும். அதற்கென்று கையுறைப் பெட்டி உண்டு. இடுப்புயர மேசைமேல் மூடிய பெட்டி, முன்பக்கம் கண்ணாடி, அதில் பதித்த நீண்ட ரப்பர் கைகள். அவற்றுக்குள் கையை விட்டால் தோள்வரை போய்விடும். மூக்கு அரித்தால் சொறியக்கூட முடியாது. கவனம் சிதறக்கூடாது என்று போன்களை வெளியே லாக்கரில் வைக்கச் சொல்லியிருந்தாள். அந்தச் சட்டத்தைப் போட்டவளே வியாழக்கிழமை அதை மீறினாள். அப்பாவுக்கு மிகவும் முடியவில்லை. போனைக் கொண்டுபோய் மேசைமேல், கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டாள்.

அது அடித்தது. 'ராண்டி' என்று அண்ணன் பேர் மின்னியது. எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

"டாக்டர், எடுத்து உங்க காதுல வைக்கட்டுமா?" என்று பக்கத்தில் நின்ற ரோஜினா கேட்டாள். நேபாளத்திலிருந்து புதிதாக வந்திருந்த மாணவி.

"வேண்டாம். இன்சூரன்ஸ் விக்கிறவன். விடு."

கரைசல் சீராகப் பரவுவதற்காகக் கண்ணாடி சுழன்றுகொண்டிருந்தது, அந்த நேரத்தில் கையெடுத்தால் படலம் பாழ். பாழானால் என்ன? பெட்டிக்குள்ளேயே அடுத்த கண்ணாடி இருந்தது, அதற்கடுத்ததும் இருந்தது. காரணம் படலம் இல்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குடி"ன்னு சொல்லியிருந்தார். வாழ்நாளில் அவர் வாயில் வராத வார்த்தை. அதை இன்னொரு முறை கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. அவ்வளவுதான் விஷயம். போன் மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. அவள் தலை நிமிரவில்லை.

பாடத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனபோது அப்பாவின் வாயை மூடி, தாடையில் துணி கட்டியிருந்தார்கள்.

"உன்கூடப் பேசணும்னார்," என்று அம்மா ஐரீன் சொன்னாள். "ராண்டி போனை அவர் வாய்கிட்டப் புடிச்சிட்டே நின்னான். நான்தான் சொன்னேன், அவ போன் லாக்கர்ல இருக்கும், கேட்டிருந்தா எடுக்காம இருப்பாளான்னு. சரின்னு தலையாட்டினார். அதோட கண்ண மூடினவர்தான்."

பொய்யைத் தட்டில் வைத்து அம்மாவே நீட்டினாள். டெனீஸ் வாங்கிக்கொண்டாள்.

"ஆமாம்மா. லாக்கர்லதான் இருந்துச்சு."

கூடத்தின் கதவு திறந்தது. ரோஜினா கையில் மூடிய ஒரு தட்டோடு நின்றாள். தட்டு நிறைய மோமோ. அதைத் திறந்து பார்த்த சித்தி, "அட, இதுவும் பியரோகிதான். நீயும் நம்ம ஆளுதான், வா," என்று அவளை இழுத்துக்கொண்டுபோய் ஐரீன் பக்கத்தில் உட்கார வைத்தாள். டெனீஸ் தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு அந்த மேசைக்குப் போனாள்.

"உங்கள ரொம்பத் திட்டுவாளா இவ?" என்று ஐரீன் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

"திட்ட மாட்டாங்கம்மா. ஆனா விடவும் மாட்டாங்க. ஒரு கண்ணாடியில பன்னெண்டு செல் இருக்கும். நாலு செத்துப்போச்சுன்னா அதையும் சேத்துத்தான் எழுதணும். நல்லா வந்தத மட்டும் காட்டினா அது பொய். இதான் எங்களுக்கு மொத நாள் பாடம்."

"அவங்கப்பா ரத்தம். பொய் வாயில வராது," என்றாள் ஐரீன்.

"ரோஜினா, காபி கொண்டுவரட்டுமா?" என்றாள் டெனீஸ். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"வேண்டாம் டாக்டர், நீங்க உக்காருங்க." அந்தப் பெண் மறுபடி ஐரீன் பக்கம் திரும்பினாள். துக்க வீட்டில் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்ற ஆசை அவளுக்கு. "போன வியாழக்கிழமைகூட எங்களுக்குப் பூசக் கத்துக்குடுத்திட்டிருந்தாங்க. போன் அடிக்குது, ராண்டின்னு யாரோ. நான் எடுத்துக் காதுல வைக்கட்டுமான்னு கேட்டேன். இன்சூரன்ஸ் விக்கிறவன், விடுன்னாங்க. அப்பப்பா, அந்த ஆளு விடவே இல்லம்மா! ஆனா இவங்க கை கொஞ்சம்கூட நடுங்கல. வேலைன்னா இப்படி இருக்கணும்னு அன்னிக்குத்தான் நெனச்சேன்."

ஐரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எடுத்துத் துடைத்தாள். மறுபடி வைத்தாள்.

"வியாழக்கிழமையா?"

"ஆமாம்மா. மத்தியானம்."

அடுத்த மேசையிலிருந்து யாரோ கத்தினார்கள். "ஏய் ராண்டி, காபி தீந்துபோச்சு! அடுத்த பானையப் போடு!"

"இதோ வரேன், கத்தாத!" என்று அப்பாவின் உடல்வாகோடு கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் எழுந்தான்.

ரோஜினா திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு டெனீஸைப் பார்த்தாள். "அம்மா... நான்..." என்றாள்.

"சாப்பிடு கண்ணு. ஆறிப்போகும்," என்றாள் ஐரீன்.

டெனீஸுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. கோவில் கூடத்துச் சிமெண்டுத் தரை, அது எங்கே பிளக்கப்போகிறது. ராண்டி காபிப் பானையோடு அந்த மேசைக்கே வந்து சேர்ந்தான்.

"என்ன, எல்லாரும் இஞ்சி தின்ன குரங்கு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

டெனீஸ் வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தாள். அதற்குள் ஐரீன் முந்திக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லடா. அங்க போனெல்லாம் வெளியதான் வைக்கணுமாம். இந்தப் பொண்ணு சொல்லிட்டிருந்தா."

"அதான் நானும் சொல்றேன்." ராண்டி தன் பெரிய கையைத் தங்கையின் தலையில் வைத்தான். "மனசுல போட்டு ஒழப்பிக்காத டெனீஸ். கேக்காதப்போ நீ என்ன பண்ணுவ? அப்பாவுக்கே புரிஞ்சுதுல்ல."

அம்மா அவளைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் இன்னும் நல்லது. கடைக்காரரிடம் பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்கும்போது பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை. டெனீஸ் வாயை மூடிக்கொண்டாள்.

கூடம் மெல்லக் காலியாயிற்று. மிச்ச உருளைக்கிழங்கைத் தாளில் சுற்றி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பினார்கள். ரோஜினா எப்போது போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அவளுடைய தட்டு கழுவாமல் மேசையிலேயே கிடந்தது.

வெளியே பனியும் மழையும் கலந்து பெய்துகொண்டிருந்தது. டெனீஸ் காரைப் படிக்கட்டு ஓரமாகவே கொண்டுவந்து நிறுத்தி, உள்ளே சூடு போட்டு, இறங்கி வந்து முன்கதவைத் திறந்து பிடித்தாள். காலையில் அம்மா அதில்தான் வந்திருந்தாள். ஐரீன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். காருக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள்.

"ராண்டி, நான் உன் வண்டியில வரேன்."

"என் வண்டியிலயா? உன் முட்டிய வெச்சுக்கிட்டு அதுல எப்படிம்மா ஏறுவ? இவ கார்தான் நிக்குதே."

"ஏறிக்கிறேன்."

ராண்டியின் வண்டி சரக்கு ஏற்றுகிற வண்டி, இடுப்பு உயரம். ஐரீன் வலிக்கிற காலை முதலில் வைத்தாள், வழுக்கியது. இறக்கினாள். மற்றக் காலை வைத்தாள். ராண்டி பின்னாலிருந்து தாங்க, கதவின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, "ம்ம்" என்று முனகிக்கொண்டு மெதுவாக ஏறினாள்.

டெனீஸ் தன் காரின் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றாள். முன் இருக்கை நனைந்துகொண்டிருந்தது.