இல்லை என்ற பக்கம்

எல்லோரும் போன பிறகு, பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிடும் கதவுத் தாத்தா தன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரிலிருந்த துணிப் பலகையின் முன்னால் நின்றார். பலகையில் பாதி பச்சை, பாதி சாம்பல். பச்சையில் ‘இருக்கிறார்’, சாம்பலில் ‘இல்லை’. அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அளவில், பின்னால் ஒட்டுப்பட்டை வைத்த ஒரு படம் உண்டு. வந்ததும் பச்சையில் ஒட்ட வேண்டும், போகும்போது சாம்பலுக்கு மாற்ற வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தெரபி கொடுக்கும் இடம் அது. உள்ளே யார் இருக்கிறார், யார் இல்லை என்று பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் சில பிள்ளைகள் கால் எடுத்து வைப்பார்கள். அதனால் ஒருவர் படத்தை இன்னொருவர் தொடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பு. ஐந்து வருஷமாக யோசிக்காமல் செய்த வேலைதான். அன்றைக்குக் கை வரவில்லை.

மத்தியானம் அந்த இடத்தை நடத்தும் மேடம் கூப்பிட்டு உட்காரச் சொன்னபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. நிற்க வைத்துப் பேசுகிறவர்கள் உட்காரச் சொன்னால் நல்லதுக்கு இல்லை. பள்ளி விடுமுறை விட்டால் முப்பது பிள்ளைகள் எட்டாகிவிடும். மற்றவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். தெரபிஸ்டுகளுக்குப் பிள்ளைக் கணக்கில்தான் சம்பளம். போன வருஷம் கை காய்ந்துபோன இரண்டு தெரபிஸ்டுகள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் திமுதிமுவென்று வந்து நின்றார்கள், கவனிக்க ஆள் இல்லை, வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். இந்த வருஷம் தெரபிஸ்டுகளை எப்படியாவது பிடித்து வைத்திருக்க வேண்டும், மற்றதைச் சுருக்க வேண்டும் என்றார் மேடம். சுருக்கியதில் முதலில் அகப்பட்டது கதவு வேலை.

“ரெண்டு மாசம்தான் ஐயா. பள்ளிக்கூடம் தெறக்குற அன்னைக்கு வந்துடுங்க.”

“முன்னாடி இருந்த மில்லுல பதினஞ்சு நாளுன்னு சொல்லித்தான் பூட்டுனாங்க. அந்தக் கதவுல இப்ப செடி மொளச்சிருக்கு.”

“இது மில்லு இல்லையே.”

“பூட்டு எல்லா எடத்துலயும் ஒண்ணுதானே மேடம்.”

இப்போது பலகையின் முன்னால், படம் சாம்பலுக்குப் போனால் ஆளும் போன மாதிரிதான் என்று அவருக்குத் தோன்றியது. பச்சையிலேயே அழுத்தி ஒட்டினார். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் இன்னொரு தரம் தேய்த்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவியின் படம் அலமாரி மேல் இருந்தது. அது எந்தப் பக்கம் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் “சாப்டீங்களாப்பா” என்று கேட்பாள். “ஆச்சு” என்பார். அதோடு பேச்சும் ஆச்சு. மூன்றரை மணி ஆனால் கால் தானாகச் செருப்பைத் தேடும். போட்டுக்கொண்டு கதவுவரை வருவார். தான் கதவு திறந்துவிடப் பிள்ளைகள் யாரும் வரப்போவதில்லை என்று உறைத்ததும் கழற்றி ஓரமாக வைப்பார். பிள்ளைகளை அவர் பெயரால் நினைப்பதில்லை, வரும் நேரத்தால்தான் நினைப்பார். அதில் நாலு மணி என்பவள் எட்டு வயதுப் பெண். முகத்தைப் பார்க்க மாட்டாள், பேச்சும் சொற்பம். வந்ததும் அவருடைய நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவரும் இரண்டு தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அங்கேயே நிற்பாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் விரல் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்.

பன்னிரண்டாம் நாள் மேடம் போன் செய்தார்.

“ஐயா, ஒங்க படம் பச்சையில இருக்கே. மறந்துட்டீங்களா?”

“மறக்கல.”

“ஒங்க நாலு மணி ஊருக்குப் போயிட்டு முந்தாநாள்தான் வந்தா. ரெண்டு நாளா கிளாஸே நடக்கல ஐயா. பாத்ரூம்ல, பீரோவுல, ஊஞ்சலுக்கு அடியிலன்னு ஒங்களத் தேடுறா. பலகையில இருக்கீங்க, ஆளக் காணோம்னா அவ என்ன பண்ணுவா? பள்ளிக்கூடம் தெறக்கட்டும், அப்பறம் பாக்கலாம்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க. அப்பறம்னு போனவங்க திரும்பி வந்ததில்ல. அவ நின்னா அவளோட தெரபிஸ்டும் நின்னுடுவா.”

“நீங்களே எடுத்து மாத்திடுங்க.”

“நான் மாத்துனா நம்ப மாட்டா. அவங்கவங்க படத்த அவங்கவங்கதான் மாத்தணும்னு நாமதானே சொல்லிக் குடுத்தோம். இன்னைக்கு ஒரு நாள் கூட்டிட்டு வாங்கன்னு கெஞ்சி வச்சிருக்கேன்.”

நம்மைக் கொண்டே நமக்குக் குழி வெட்டச் சொல்கிறார்கள் என்று தாத்தா நினைத்தார். ஆனாலும் சட்டையை மாட்டினார்.

அவர் போய்த் தன் நாற்காலிப் பக்கம் நின்றார். நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாயும் மகளும் வந்தார்கள்.

“ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன் தாத்தா” என்றாள் தாய்.

“ஒடம்பு கல்லு மாதிரி இருக்கும்மா. வேலைதான் படுத்துக்கிச்சு.”

நாலு மணி நேராக நாற்காலிக்குப் போய் இரண்டு தட்டினாள். அவர் இரண்டு தட்டினார். அவள் தோள் இரண்டும் தணிந்தன. அதைப் பார்த்ததும் அவருக்கு இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. மேடம் பலகையின் பக்கம் நகர்ந்து நின்றார்.

“பள்ளிக்கூடம் தெறக்குற அன்னைக்கு ஒங்க கையாலயே பச்சைக்கு மாத்திக்கலாம்” என்றார் மெல்ல.

“பாப்போம்” என்றார் அவர். “இங்க பாரு, நாலு மணி.”

அவள் அவர் கையைப் பார்த்தாள். அவர் படத்தைப் பிய்த்தார். அழுத்தி ஒட்டியிருந்ததால் சர்ரென்று பெரிதாகச் சத்தம் வந்தது. சாம்பலில் வைத்தார்.

“தாத்தா இல்ல” என்றார்.

அவள் பலகையைப் பார்த்தாள். அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. கிட்டே வந்து, இரண்டு உள்ளங்கையையும் அவர் வயிற்றில் வைத்துத் தள்ளினாள். ஐந்து வருஷத்தில் அவள் அவரைத் தொட்டதில்லை. கோபமில்லாத, நாற்காலியை அதன் இடத்துக்கு நகர்த்துகிற மாதிரியான தள்ளல். அவர் பின்வாக்கில் அடி அடியாக நடந்து வாசலைத் தாண்டினார். கதவு சாத்திக்கொண்டது.

படிக்கட்டில் யாரும் இல்லை. இறங்கலாம் என்று திரும்பியபோது உள்ளே, வெறும் நாற்காலியின் கையில், இரண்டு தட்டுக் கேட்டது.

அவர் விரல் மடங்கிக் கதவருகே போனது. மரத்துக்கும் விரலுக்கும் ஒரு நூல் இடைவெளி. தட்டினால் சாம்பலில் வைத்தது பொய்யாகிவிடும். உள்ளே நாலு மணி அசையாமல் நிற்பது, கதவின் கண்ணாடிப் பட்டையில் நிழலாகத் தெரிந்தது.