ஒளிக்கசிவு

அவள் கணவன் வெட்டியெடுக்கும் எலி விழித்திரைகள் மட்டும் ஒளி பட்டதும் கணினித் திரையில் அப்படி ஒரு மின் அலையைக் கொடுத்தன. முதலில் ஒரு பள்ளம். அது ஒளியை வாங்கும் செல்களுடையது. பின்னால் ஒரு மேடு. அது சேதியைக் கைமாற்றி வாங்கும் அடுத்த அடுக்குடையது என்று காட்டத்தான் இருவரும் மெனக்கெட்டார்கள். ஒரே ஆய்வகம், ஒரே கரைசல். அவளுக்கு மட்டும் மேடு சோம்பலாக எழுந்து பாதியிலேயே படுத்துக்கொள்ளும்.

"மருந்து விட்டதும் மேடு மட்டும் மறையுது, பாத்தீங்களா? இன்னிக்கும் அப்படியே வந்தா கட்டுரையில உங்க கணவர் பேர்தான் முதல்ல" என்று பேராசிரியை காலையில் அவளிடம் சொல்லிவிட்டார்.

சேதி கைமாறுவதைத் தடுக்கும் அந்த மருந்தை விடும் யோசனை அவளுடையது. பாத்திரம் தேய்க்கும்போது அவனிடம் உளறித் தொலைத்தாள். ஊரில் எவனோ ஜெயித்தால் வயிறெரிந்துவிட்டுத் தூங்கிவிடலாம். இவனுக்குப் பக்கத்தில் அல்லவா படுக்க வேண்டும்!

இருட்டறையில் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். வெட்டியெடுத்த விழித்திரையில் சோதனைக்கு முன்பே பளிச்சென்று வெளிச்சம் பட்டுவிட்டால் அவ்வளவுதான், தேறாது.

"ஏன் உம்முன்னு இருக்க? உனக்கும் வரும். கை கொஞ்சம் நடுங்குது, வேற ஒண்ணுமில்ல" என்றான்.

அவள் கை ஒருநாளும் நடுங்கியதில்லை.

மருந்து எடுத்துவர அவன் கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனான். அவள் கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து, அவனுடைய எலி விழித்திரை கிடந்த கிண்ணத்தின் மேல் டார்ச்சை அடித்தாள். இத்தனை வருஷம் இருட்டிலேயே வேலை பார்த்ததில் விழித்திரையின் நிறத்தை அவள் கண்டதே இல்லை. செக்கச்செவேலென்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறியது. அணைத்தாள்.

அவன் வந்தான். ஒளியைப் பாய்ச்சினான். கணினித் திரையில் கோடு லேசாக அசைந்து, நேராகப் போனது. இன்னொரு முறை. அதே கோடு.

அவன் அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. தரையில் மண்டியிட்டுக் கதவின் அடியைத் தடவ ஆரம்பித்தான்.

"எங்கேயோ வெளிச்சம் கசியுது. என் தப்புதான், திரையைச் சரியா இழுத்து விடல. அந்தப் பக்கம் நீ கொஞ்சம் பாரேன்."

அவளும் மண்டியிட்டாள்.

"இங்க ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாரும்மா."

திரையின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி, அங்குலம் அங்குலமாக, இல்லாத ஓட்டையை அவள் தேடிக்கொண்டே போனாள். எதிர்ப்பக்கத்திலிருந்து அவன் கை தடவிக்கொண்டே வந்தது.