விருமாண்டி வீட்டு வாசற்கதவு

மதுரைப் பக்கம் நாகமலை புதுக்கோட்டையில் விருமாண்டி வீட்டு வாசற்கதவை நூறு வருஷத்துக்கு மேலாக யாராலும் சாத்த முடியவில்லை. 1916-ல், முதல் உலகச் சண்டை நடந்தபோது, விருமாண்டி பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறக் கிளம்பினார். "வாரேன், கதவைச் சாத்திராத" என்று சம்சாரம் ராமக்காளிடம் சொல்லிவிட்டுப் போனார். ஈராக்கில் பாஸ்ரா பக்கத்துப் பாலைவனத்தில் தண்ணீர் கிடைக்காமல் செத்துப்போனதாகத் தகவல் வந்தது. ராமக்காள் அழுது ஓய்ந்து கதவைச் சாத்தப் போனாள். அது பாதி தூரம் வந்து, கூச்சப்பட்ட விருந்தாளி மாதிரித் திரும்பிப் போய்விட்டது. வேப்பமரக் கதவை எடுத்துவிட்டுத் தேக்குக் கதவு மாட்டினார்கள். பிள்ளைகள் காலத்தில், குனிந்து நுழைகிற ஓட்டு வீட்டை இடித்து மாடி எடுத்து, ஏழடி உயரத்தில் இரும்புக் கதவு போட்டார்கள். அதுவும் அப்படித்தான். திறந்து கிடந்தும் அங்கே களவு போனதில்லை. ஒரு தடவை ஆட்டுத் திருடன் ஒருவன் உள்ளே வந்து, யாருக்காகவோ காத்திருக்கும் வீடு என்று தெரிந்ததும் குத்துவிளக்கைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான். வீட்டில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது மட்டும் முறை. கல்யாணத்துக்கும் சாவுத் துஷ்டிக்கும் அந்தக் குடும்பம் ஓர் ஆளைக் குறைத்துக்கொண்டுதான் போகும். ஊர் இதையெல்லாம் பழகிக்கொண்டது.

கொள்ளுப்பேரன் அழகுபாண்டியின் மகள் ரோகிணிக்கு இளைப்பு வந்த பிறகுதான் கதவு ஒரு தொந்தரவாகத் தெரிந்தது. பக்கத்தில் நாலுவழிச் சாலை வந்திருந்தது. லாரிப் புழுதி நேராகக் கூடத்துக்குள் வரும். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது நெஞ்சுக்கூடு உள்வாங்குவதைப் பார்க்கச் சகிக்காது. கதவைச் சாத்துங்கள், இல்லையென்றால் வீட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேன் ஓட்டிப் பிழைக்கிற அழகுபாண்டி நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த வீட்டு ஆம்பளை. "நாம போயிட்டா, அவரு வந்து யாரைத் தேடுவாரு?" என்றார். "செத்தவுகளுக்காக இருக்கிற புள்ளையக் குடுக்கச் சொல்றீகளா?" என்று கேட்டாள் அவர் மனைவி முனீஸ்வரி. அதன்பிறகு இருவரும் ரோகிணியின் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். யார் பக்கமும் தப்பில்லை என்பதுதான் கொடுமை.

வழி சொன்னவள் பக்ருன்னிசா. பழங்காநத்தத்தில் முனீஸ்வரியோடு ஜாக்கெட் தைக்கிறவள். "டெல்லியில பெரிய வாசல் மாதிரி கட்டி, அந்தச் சண்டையில செத்த பட்டாளத்தாளுக பேரையெல்லாம் கல்லுல வெட்டி வச்சிருக்காக. உங்க ஆளும் அங்கனதான் நிப்பாரு. சாமியையே பிடிமண் எடுத்துக் கூட்டிட்டு வாறீக, ஒரு மனுசனைக் கூட்டிட்டு வர முடியாதா?" என்றாள். சரிதானே. குலசாமி கோயில் தூரமாகிப்போனால், அங்கிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, சாமியை அழைத்து, வழியில் தரையில் வைக்காமல் கொண்டுவந்து புது இடத்தில் வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வைத்த இடத்துக்குச் சாமி வந்துவிடும். அழகுபாண்டிதான் போவதாக இருந்தார். "எம் புள்ளைக்கு நானே போறேன்" என்று முனீஸ்வரி நின்றுவிட்டாள். உருது தெரிந்த பக்ருன்னிசா துணைக்குக் கிளம்பினாள். "பேரைச் சொல்லிக் கூப்பிடணும், மறந்துறாத" என்று மட்டும் அழகுபாண்டி ரோகிணி வழியாகச் சொல்லியனுப்பினார். அந்த வீட்டு மருமகள்கள் யாரும் இதுவரை அந்தப் பேரை வாயால் சொன்னதே இல்லை என்பது அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

டெல்லியில் நல்ல குளிர். அந்த வளைவுக்கு முன்னால் பலூன் விற்றார்கள், ஐஸ்கிரீம் விற்றார்கள், ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல் முழுக்கப் பேர். "அக்கா, இம்புட்டுப் பேரா?" என்றாள் முனீஸ்வரி. இத்தனை வீட்டுக் கதவுகளும் என்ன ஆகியிருக்கும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவள் மண்ணைக் கிள்ளும்போது காவலாளி ஒருவர் வந்துவிட்டார். பக்ருன்னிசா விஷயத்தைச் சொன்னதும், பூச்செடிப் பக்கம் மண் இளக்கமாக இருக்கும், அங்கே எடுங்கள் என்று காட்டிவிட்டுப் போனார். மண்ணை முடிந்தாயிற்று. கூப்பிட வாயைத் திறந்தால் பேர் வரவில்லை. கொள்ளுமாமனார் பேரை எப்படிச் சொல்வாள்? "நீங்க சொல்லுங்கக்கா." "நான் கூப்பிட்டா எங்க வீட்டுக்கில்ல வருவாக!" என்றாள் பக்ருன்னிசா. முனீஸ்வரி யோசித்துப் பார்த்தாள். பிறகு, கல்யாணத்துக்கு அழைக்கிற தினுசில் கையைக் கூப்பி, "எல்லாரும் நம்ம வீட்டுக்கு வாங்க. வந்து ஒருவாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

எல்லாரும் வந்தார்கள்.

திரும்பும் ரயிலில் காலி சீட்டுகளில்கூட யாரும் உட்காரவில்லை. பயணிகள் காரணம் தெரியாமலே ஒதுங்கி இடம் விட்டார்கள். முடிச்சை மடியிலேயே வைத்திருந்த முனீஸ்வரி மதுரையில் இறங்கியபோது, பிளாட்பாரம் முழுக்கப் பூட்ஸ் சத்தம் கேட்டது. வீட்டு வாசலில் மண்ணை வைத்து விளக்கேற்றியதும் அவர்கள் தெருவில் தெரிந்தார்கள். தலைப்பாகை கட்டியவர்கள், சப்பை மூக்குக்காரர்கள், மீசை முளைக்காத பிள்ளைகள். வரிசை நாகமலை அடிவாரம் வரை நின்றது. "எம்புட்டுப் பேரைடி கூட்டிட்டு வந்துருக்க!" என்று அழகுபாண்டி தலையில் கைவைத்தார். "தண்ணியக் கொண்டாங்க மொதல்ல" என்றாள் முனீஸ்வரி. பல நாளைக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசிய பேச்சு அது. ஒவ்வொருவரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து, பின்வாசல் வழியாகப் போய் அவரவர் ஊருக்குப் பஸ் கேட்டார்கள். ஒரு வீட்டில் கூப்பிட்டு உபசரித்துவிட்டால் தன் வீட்டுக்குப் போகும் வழி ஞாபகம் வந்துவிடும் போலிருக்கிறது. தைமாதம் ஆரம்பித்த வரிசை பங்குனியிலும் ஓயவில்லை. தெருக்காரர்கள் முறைபோட்டுக் குடம் சுமந்தார்கள். ரோகிணிக்கு இளைப்பு கூடிக்கொண்டே போனது. இவர்கள் எல்லாரும் போய், அந்த ஒருவர் மட்டும் வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று முனீஸ்வரி அடுப்படியில் நின்று அழுதாள்.

அவர் கடைசியில்தான் வந்தார். அதுவரை தெருமுனையில் நின்று, "வாங்க, உள்ள வாங்க" என்று வந்தவர்களை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்காரன் விருந்தாளிக்கு முன்னால் நுழைவானா? அவர்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழடி வாசலில் மற்றவர்கள் எல்லாம் நிமிர்ந்து நுழைந்தார்கள். இவர் ஒருவர்தான் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். தண்ணீரை வாங்கிக் குடித்தார். கூடத்தில் மூச்சிரைத்துக்கொண்டு கிடந்த ரோகிணியைப் பார்த்தார். "புழுதி அடிக்குதே, கதவைச் சாத்துனா என்ன?" என்று கடிந்துகொண்டார். அழகுபாண்டி ஒரு விரலால் தள்ளினார். கதவு சாத்திக்கொண்டது.

ரோகிணி இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். விருமாண்டி வீட்டில்தான் இருக்கிறார். அதனால் குடும்பம் ஆள் குறையாமல் கல்யாணங்களுக்குப் போகிறது. சில சமயம் மத்தியானத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள். சாத்தின கதவு இருந்தால்தானே தட்ட முடியும்? அந்தச் சத்தத்தில் ரோகிணிக்குத்தான் கொண்டாட்டம். "யாரு?" என்று கேட்டபடி ஓடிப்போய்த் திறப்பாள். வழி தப்பிப் பிந்திவந்த பட்டாளத்துக்காரர் யாராவது, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். "உள்ள வாங்க, புழுதி வருது" என்று கூட்டிப்போய்ச் சொம்பை நீட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வாள்.