திருப்பிப் பார்க்காத கை

மஸ்கட் விமான நிலைய வாசலில் விக்னேஷ்குமார் கை கொடுத்தபோது, வாஜித் சொல்ல நினைத்திருந்த முதல் வாக்கியம் மறந்துபோனது.

அந்தக் கை சரியில்லை.

புறங்கைத் தோல் வறண்டு கிடந்தது. விரல் முட்டிகளில் வெடிப்பு. வெடிப்பின் ஓரங்கள் வெளுத்திருந்தன. விரலிடுக்கில் புண் ஆறிய தடம். இருபது வருடமாக வாஜித் அன்றாடம் பார்க்கிற கை அது. திண்டுக்கல் பேகம்பூரில் அவனுக்கு ஒரு தோல் மண்டி இருந்தது. லாரியில் வந்து இறங்கும் ஆட்டுத் தோலுக்கு உப்புப் போடும் ஆட்களின் கை இப்படித்தான் இருக்கும். நாள் முழுக்க உப்பிலும் ஈரத்திலும் கிடக்கிற கை.

ஆனால் விக்னேஷ், ஏ.சி. கம்பெனி ஒன்றில் ஸ்டோர் சூப்பர்வைசர். ஒன்பது வருடமாக. அப்படித்தான் சொல்லியிருந்தான்.

"என்ன மாப்ள, புடிச்ச கைய விட மாட்டேங்குற? ஜோசியம் பாக்குறியா?"

"தோல்காரன் புடிடா. அம்புட்டு லேசுல விடாது" என்று சிரித்துச் சமாளித்தான் வாஜித்.

காரில் ஏறினான். வழியெல்லாம் விக்னேஷ் பேசிக்கொண்டே வந்தான். நாலு நாள் லீவு போட்டிருக்கிறானாம். மத்ரா கடற்கரைச் சாலை, பழைய பஜார், பெரிய பள்ளிவாசல், குரும் பீச், படகில் போய் டால்பின் என்று பட்டியல் நீண்டது. வாஜித்தின் கண் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகளை விட்டு நகரவில்லை.

ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் அவன் வரவில்லை. திண்டுக்கல்லில் ஒரு முடிவு அவனுக்காகக் காத்திருந்தது.

மண்டி இருக்கும் இடத்தை அவன் மனைவி பாஸிலாவின் மாமா பாரூக் கேட்டிருந்தார். இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் அவருக்கு. "வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிரு. இல்லாட்டி செம்பட்டி ரோட்டுல பாத்து வச்சிருக்க எடத்த முடிச்சிருவேன்" என்று கெடு வைத்திருந்தார். விக்னேஷோ தன் கம்பெனிக்காரர்களின் இன்னொரு கடையில் ஸ்டோர் கீப்பர் வேலை காலியாக இருப்பதாகவும், மேனேஜரிடம் பேசிவிட்டதாகவும் போன மாதம் சொன்னான். மண்டியை விற்றுவிட்டு இங்கே வந்துவிடலாம்.

மண்டியில் வியாபாரம் மோசமில்லை. அதுதான் சிக்கல். விட்டுவிட்டு வர ஒரு சாக்கு கிடைக்கவில்லை. உண்மைக் காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒன்பது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் விக்னேஷ் போனில் கடல் படம் அனுப்புவான். அதைப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் எதிரே உப்புக் குவியல் நிற்கும். கடலிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்து சேர்வது உப்பு மட்டும்தான். முப்பத்தெட்டு வயதில் அது போதவில்லை.

இப்போது இந்தக் கை. கை சொல்வது உண்மையென்றால் சூப்பர்வைசர் என்பது பொய். சூப்பர்வைசர் பொய்யென்றால், அவன் பார்த்து வைத்த வேலையும் பொய். மண்டியை விற்றுவிட்டு வந்து எங்கே நிற்பது?

*

செவ்வாய்க்கிழமை விடியற்காலை. பஜ்ர் தொழ எழுந்த வாஜித், வாசல் கதவு மெல்லச் சாத்தப்படும் சத்தம் கேட்டான். சமையலறையில் ஒரு சீட்டு கிடந்தது. 'ஆபீஸ்ல சின்ன வேலை. எட்டுக்கு வாரேன்.'

லீவு போட்டவனுக்கு விடியுமுன் என்ன ஆபீஸ்?

எட்டு மணிக்கு விக்னேஷ் வந்தான். தலை ஈரமாக இருந்தது. சோப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை. தோல் நாற்றத்திலேயே வளர்ந்த மூக்கு ஏமாறாது. மீன்.

அன்று மத்ரா போனார்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கரடுமுரடான மலை, நடுவில் வெள்ளை வீடுகள். பஜாருக்குள் சாம்பிராணிப் புகை. ஒரு கடையில் ஒட்டகத் தோல் பை தொங்கியது. வாஜித் அதை எடுத்து மேல்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்தினான். உடனே பையை விரித்து உள்பக்கத்தைப் பார்த்தான். புறத்தை மட்டும் பார்த்து விலை சொல்கிறவன் மண்டியில் ஒரு வாரம் தாங்கமாட்டான். வெட்டுக்காயமும் புழுத் துளையும் உள்பக்கத்தில்தான் தெரியும்.

"மாப்ள, இது ஒட்டகம் இல்ல. மாடு."

"ஏலே, கடைக்காரன் பாக்குறான். வச்சிட்டு வா. வெளிய கப்பல் நிக்குது, பாரு."

"பாத்தேன், பாத்தேன்."

வெளியே மீன் மார்க்கெட்டைக் கடக்கும்போது, உள்ளே ஐஸ் பெட்டிகளின் நடுவே நின்ற ஒருவன் விக்னேஷுக்குக் கையாட்டினான். விக்னேஷும் ஆட்டினான். ஆனால் நிற்காமல், தெரியாதவன் போல வேகமாக நடந்தான்.

வாஜித்துக்கு இரண்டும் இரண்டும் நாலாகிவிட்டது. வேலை போய்விட்டது. மார்க்கெட்டில் மீனுக்கு உப்புப் போடுகிறான்.

மத்தியானம் பாஸிலாவிடம் போனில் சொன்னான்.

"நேராக் கேட்டுர வேண்டியதுதானங்க?" என்றாள்.

"எப்பிடிக் கேக்குறது? பொம்மையன் கை மாதிரி இருக்கே ஒங்கைன்னா?"

பொம்மையன் மண்டியில் உப்புப் போடுகிறவர். அவர் கையைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை என்பது வாஜித்துக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கை விக்னேஷிடம் இருந்தால் மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?

"பவித்ரா பாவம்ங்க. ஊர் பூரா வீட்டுக்காரர் சூப்பர்வைசர்னு சொல்லிட்டுத் திரியிது. அதோட மாமியா மூக்காயி அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னாகும்?"

"நீ யார்ட்டயும் மூச்சு விடாத."

"நான் ஏன் சொல்லப் போறேன்" என்றாள் பாஸிலா. அவள் அப்படிச் சொன்னால் ஒரு நாள்தான் தாங்கும்.

*

புதன்கிழமையும் அதே சீட்டு, அதே எட்டு மணி, அதே சோப்பு. படகில் டால்பின் பார்க்கப் போனார்கள். நாலைந்து டால்பின்கள் படகை ஒட்டித் துள்ளின. மற்றவர்கள் கூவினார்கள். வாஜித் உட்கார்ந்திருந்த இருக்கையின் கிழிசலை விரலால் நெருடிக்கொண்டிருந்தான். ரெக்சின். உப்புக் காற்றில் ரெண்டு வருடம்கூட வராது.

சாயங்காலம் குரும் பீச். குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்திருந்தார்கள். விக்னேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு முட்டளவு தண்ணீரில் போய் நின்றான். வாஜித் அவன் செருப்பைக் காவல் காத்தான். செருப்பின் வாரில் உப்புப் பூத்திருந்தது.

"ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்தான் வாஜித்.

"கேளு."

அலை வந்து போனது. விக்னேஷின் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இந்த நாலு நாளாவது இவன் சூப்பர்வைசராக இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது வாஜித்துக்கு.

"இங்க நல்ல டீ எங்க கெடைக்கும்?"

"இதுக்கா இம்புட்டு இழுத்த? வா."

இரவு தூக்கம் சரியாக வரவில்லை. நாளை வியாழன். பாரூக் மாமாவுக்கு 'இல்லை' என்று சொல்லிவிடலாம். ஆனால் ஊகத்தை வைத்து முடிவு எடுப்பதா? கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

*

வியாழன் காலை கதவு சாத்தப்பட்டதும் வாஜித் இறங்கி ஓடினான். தெருமுனையில் டாக்ஸி நின்றது. கான்பூர் வியாபாரிகளிடம் கற்ற அரைகுறை உருதுவில், முன்னால் போகிற வெள்ளைக் காரைப் பின்தொடரச் சொன்னான்.

தாடிக்கார டிரைவர் திரும்பிப் பார்த்தார். "போலீஸா?"

"இல்லை. தோல் வியாபாரி."

அவர் வண்டியைக் கிளப்பினார். மீன் மார்க்கெட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் வெள்ளைக் கார் திரும்பவில்லை. மலைக்குள் ஏறியது. வளைந்து வளைந்து இறங்கி, ஒரு சின்ன மீனவர் கிராமத்தில் போய் நின்றது. பாறைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கடற்கரை. இன்னும் சரியாக விடியவில்லை.

பத்துப் பேர் வரிசையாக நின்று கடலிலிருந்து ஒரு நீளக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் கிழவர்கள். கடைசி ஆளாக, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, விக்னேஷ்.

வாஜித் மணலில் நடந்து போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"வேல எப்படா போச்சு?"

விக்னேஷ் திரும்பினான். கயிற்றை விடவில்லை. முகத்தில் திடுக்கிடல் ஒரு கணம்தான். பிறகு சிரிப்பு வந்தது.

"எந்த வேல?"

"சூப்பர்வைசர் வேல. எனக்கு எல்லாம் தெரியும். வந்த அன்னைக்கே ஒங்கையப் பாத்தேன். உப்புல கெடக்குற கை. மார்க்கெட்ல ஒருத்தன் ஒனக்குக் கையாட்டுனான். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

விக்னேஷ் பக்கத்திலிருந்த கிழவரிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு கைகளையும் நீட்டினான். திருப்பினான்.

உள்ளங்கையில் ஒரே நேர்கோட்டில் காய்ப்பு. நாலு விரல்களின் மடிப்பையும் குறுக்கே அறுத்துக்கொண்டு போன தடம். கயிற்றுத் தடம். உப்புப் போடுகிற கையில் அது இருக்காது. உப்பை அள்ளித் தேய்ப்பவனுக்கு விரல் நுனிதான் தேயும். இந்த விரல் நுனிகள் மழமழவென்று இருந்தன. கம்ப்யூட்டர் தட்டுகிற விரல் நுனிகள்.

நாலு நாளாக வாஜித் புறங்கையை மட்டுமே பார்த்திருந்தான்.

"கொரோனா சமயத்துல கம்பெனியக் கொஞ்ச நாள் பூட்டியிருந்தாங்கெ. ரூம்ல கெடந்தா பைத்தியம் புடிச்சிரும்னு காலைல நடந்து இங்கிட்டு வந்தேன். இந்தா நிக்கிறாருல்ல, ஹமீத் தாத்தா, ஆளு பத்தலைன்னு கயித்த எங்கையில குடுத்தாரு. அன்னைல இருந்து விடல. ஆபீஸ் எட்டரைக்குத்தான். சம்பளம் கெடையாது, ரெண்டு மீன் குடுப்பாரு. மார்க்கெட்ல கையாட்டுனவன் அவரு பேரன்."

"லீவு நாள்லயும் வரணுமா? விருந்தாளிய விட்டுட்டு?"

"இப்ப மத்தி கரைக்கு வார நேரம் மாப்ள. ஒரு ஆளு கொறஞ்சாலும் வலை நகராது."

"அத எதுக்குடா ஒளிச்ச?"

"ஆத்தூர் டேம்ல குளிச்சதுக்கு எங்கம்மா வெளக்கமாத்தால அடிச்சுச்சே, ஞாபகம் இருக்கா? நீயும்தான் வாங்குன. கடல்ல எறங்குறேன்னு தெரிஞ்சா அது சோறு திங்குமா? ஒங்கிட்ட சொன்னா பாஸிலாட்ட சொல்லுவ. பாஸிலா பவித்ராட்ட சொல்லும். அன்னைக்கு ராத்திரியே எங்க சித்தையன்கோட்டை வீட்டுல ஒப்பாரிதான்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாஸிலாவிடம் பேசிய போன் வாஜித்துக்கு நினைவு வந்தது.

"அப்ப வேல நெசம்?"

"நெசம். ஒனக்குப் பாத்து வச்சதும் நெசம். ஊரு டிக்கெட்ட நாலு நாள் தள்ளிப்போடு. ஞாயித்துக்கெழம மேனேஜர்ட்ட கூட்டிட்டுப் போறேன்."

வழி திறந்துவிட்டது. அஸருக்கு நிறைய நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. வாஜித் அதைத் தேடிப் பார்த்தான். எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது.

விக்னேஷ் அவன் முகத்தையே பார்த்தான். "சரி. கண்ண மூடு."

"எதுக்கு?"

"மூடுடா. கடலு என்ன கலர்ல இருக்கு, சொல்லு."

"நீலம்."

"விடியற நேரத்துலயா?"

வாஜித் கண்ணைத் திறந்தான். நீலமில்லை. மலைக்குப் பின்னால் வெளிச்சம் கசிய, தண்ணீர் வெளுத்துக் கலங்கி, அசைவில்லாமல் கிடந்தது.

"தோல் பதனிடுற ஷாப்ல சுண்ணாம்புத் தொட்டி இருக்கும்ல, அந்தத் தண்ணி மாதிரி இருக்கு" என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான் தன் காதில் விழுந்தது. விக்னேஷ் மணலில் உட்கார்ந்து சிரித்தான். கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாலு நாளா ஊரு பூரா காமிச்சேன். பையப் பாத்த. படகுல சீட்டப் பாத்த. பெரிய பள்ளிவாசல் வாசல்ல எல்லாரும் மேல பாத்தா, நீ கழட்டிப் போட்ட செருப்புகளப் பாத்துட்டு நின்ன. ஒன்னிய ஏசி ரூம்ல ஒக்கார வச்சு பைப்பையும் நட்டையும் எண்ணச் சொன்னா, எண்ணுவ. நல்லாவே எண்ணுவ." நிறுத்தினான். "அதுக்கு மேல நான் சொல்லல மாப்ள. நீ வந்தா எனக்குச் சந்தோசம். இங்க பேச ஆளில்ல. அதுனாலதான் கூப்புட்டேன்."

கடைசி வாக்கியத்தைக் கடலைப் பார்த்துச் சொன்னான்.

ஹமீத் தாத்தா ஏதோ கத்தினார். வலை கரையை நெருங்கிவிட்டது. விக்னேஷ் எழுந்து கயிற்றின் ஒரு பிடியை வாஜித்திடம் கொடுத்தான். "செத்த நேரம் இழு."

இழுத்தான். கயிறு ஈரமாக, முரடாக உள்ளங்கையை அறுத்தது. தண்ணீரின் கனம் தோள்வரை ஏறியது. பத்துப் பேரும் ஒரே மூச்சில் பின்வாங்கும்போது தானும் பின்வாங்க வேண்டும் என்பது மூன்றாவது இழுப்பில்தான் பிடிபட்டது. வலை மணலுக்கு வந்தபோது மத்தி மீன்கள் வெள்ளியாய்த் துடித்தன. நடுவே முறம் அளவுக்கு ஒரு திருக்கை. தாத்தா அதன் முள் வாலை நறுக்கி ஓரமாகப் போட்டார்.

எல்லோரும் மீனை அள்ளினார்கள். வாஜித் திருக்கையின் அருகே குந்தினான். கட்டை விரல் தானாக அதன் முதுகில் அழுத்தியது. சொரசொரப்பு. நல்ல கனம். பதனிட்டால் எப்படி வரும்? உப்பு எவ்வளவு பிடிக்கும்? புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தான்.

தலையைத் தூக்கினால் விக்னேஷ் அவனையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தான்.

வாஜித் கையைக் கடலில் கழுவிவிட்டுப் போனை எடுத்தான்.

"மாமா, ஸலாம் அலைக்கும். வாஜித் பேசுறேன். மண்டி விக்கிறதா இல்ல."

"ஏம்ப்பா, அங்கிட்டு வேல அமையலையா?"

"அமைஞ்சிருச்சு மாமா."

"பெறகு?"

"எனக்கு இங்கிட்டு என்ன பாக்குறதுன்னு தெரியல மாமா."

"என்னமோ சொல்ற. சரி, நான் செம்பட்டி எடத்தப் பாத்துக்கிறேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

வெயில் ஏறியது. தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. இருவரும் ஒரு படகில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். வாஜித்தின் உள்ளங்கையில் புதிதாகச் சிவந்த கோடு எரிந்தது. இந்த முறை அவன் தண்ணீரைப் பார்த்தான். எதனோடும் ஒப்பிடாமல் இருக்க முயன்றான். கஷ்டமாகத்தான் இருந்தது.

"வெள்ளிக்கெழம படம் அனுப்புறத நிப்பாட்டிராத" என்றான்.

"நீ வந்துட்டுப் போறதுக்கு மண்டி ஒண்ணும் தடையில்லையே. வருசம் ஒருக்கா வா."

"வாரேன்."

"ஊருக்குப் போனதும் எங்கம்மா மொத வேலையா ஒன்னியத்தான் கேக்கும். என்ன சொல்லுவ?"

"ஒம் மகன் ஏசி ரூம்ல சொகமா இருக்கான்னு சொல்றேன்."

"போட்டோவுல கையப் பாத்துட்டுக் கேட்டா?"

வாஜித் அந்தக் கையை எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

"ஏசி குளிருக்கு வெடிச்சிருச்சுன்னு சொல்றேன். பாஸிலாவுக்கும் அதேதான்."